தேய்ந்துபோன பின்பால் பலகை: தொட்டு எழுதுவதா, மேலே ஒட்டுவதா, மாற்றிவிடுவதா?

எஃகுக் குண்டை உருட்டி ஆடும் பின்பால் மெஷினின் மேல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அறை விளக்கை அணைத்து, ஒரு டார்ச்சைக் குண்டு ஓடும் பலகையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது லேசாகத் தேய்ந்திருப்பதாகத் தோன்றிய இடமெல்லாம் மேடும் பள்ளமுமாகத் தெரியும். பெயிண்ட் போய் மரம் கறுத்த திட்டுகள், மரநார் ஓடும் போக்கிலேயே ஓடும் மயிரிழை விரிசல்கள், விளக்குகளுக்கு மேல் பதித்திருக்கும் பிளாஸ்டிக் வட்டங்கள் ஒரு தாள் கனத்துக்கு உள்ளே இறங்கி நிற்பது. அந்த வட்டங்களுக்கு இன்சர்ட் என்று பெயர். விரல் நுனியால் ஒன்றைத் தடவினால் விளிம்பு தட்டும். 80 கிராம் எஃகுக் குண்டும் ஒவ்வொரு முறையும் அங்கே தட்டுப்பட்டுத்தான் போகிறது.

எந்த வழியில் சரிசெய்யலாம் என்று கேட்பவர்கள் படம் எவ்வளவு அழிந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். நான் கேட்பது இரண்டு: இன்சர்ட் ஆடுகிறதா, மரம் கெட்டியாக இருக்கிறதா? படத்தைத் திரும்ப எழுதிவிடலாம். அடியில் இருப்பது சரியில்லை என்றால் மேலே என்ன செய்தாலும் நிற்காது.

பேச்சுக்கு ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். பாலி கம்பெனி 1977இல் கொண்டுவந்த எய்ட் பால். 20,230 மெஷின்கள் செய்தார்கள். 1992இல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி மெஷின் 20,270 என்று தாண்டும் வரை, அதன்பின் வந்த எந்த மெஷினும் அந்தக் கணக்கை எட்டவில்லை. அமெரிக்க பார்களிலும் ஆர்கேடுகளிலும் காசு போட்டுப் போட்டு ஆடித் தீர்த்த மெஷின் இது. அதனால் இன்று கைக்கு வரும் எய்ட் பால்களில் பலகை நன்றாக இருப்பது அபூர்வம். மேப்பிள் முகம் வைத்த பிளைவுட்டின் மேல் சில்க் ஸ்கிரீனில் வண்ணம் வண்ணமாக அச்சடித்து, அதன்மேல் மெல்லிய லேக்கர் பூசியிருப்பார்கள். 1990 வாக்கில் வில்லியம்ஸ் கம்பெனி கெட்டியான யூரித்தேன் பூச்சுக்கு மாறும்வரை இந்த மெல்லிய லேக்கர்தான் வழக்கம். ரப்பர்த் தூளும், குண்டைத் தள்ளும் மின்காந்தக் காயில்களிலிருந்து உதிரும் கரியும் மெழுகோடு கலந்து பலகையில் படியும். குண்டிலும் சின்னச் சின்ன வடு விழும். அப்புறம் அந்தக் குண்டு உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்துகொண்டே ஓடும்.

முதல் வழி, சுத்தம் செய்து அப்படியே விட்டுவிடுவது. இதைச் சோம்பேறி வழி என்று யாரும் நினைக்க வேண்டாம். நாப்தா என்ற பெட்ரோலியக் கரைப்பானால் துடைத்து, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெலமைன் ஸ்பாஞ்சும் வைத்து மெதுவாகத் தேய்த்தால், 'பெயிண்ட் போய்விட்டது' என்று நினைத்த இடத்தில் பாதி வெறும் அழுக்குதான் என்று தெரியவரும். ஆனால் ஸ்பாஞ்ச் என்பதும் நுண்ணிய உப்புத்தாள்தான். அதில் சிவப்போ நீலமோ ஏறத் தொடங்கிய நொடியே கையை எடுத்துவிட வேண்டும்.

குண்டு பட்டதும் உதைத்துத் தள்ளும் பாப் பம்பரைச் சுற்றி, தேயாமலிருக்க மைலார் என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால் அவசரப்படாதீர்கள். தூசு ஊத விற்கும் அழுத்தக் காற்று டப்பாவைத் தலைகீழாகப் பிடித்துக் குளிரூட்டினால், பெயிண்ட் கெட்டியாக இருக்கும் பட்சத்தில் படலம் மொரமொரவென்று கழன்று வரும். மிஞ்சி நிற்கும் பசைக்கு மைதா மாவுதான் மருந்து. பசையின் மேல் ஆல்கஹாலை ஊற்றி, மாவைத் தூவி, விரலால் உருட்ட உருட்டப் பசை மாவோடு சேர்ந்து சின்னச் சின்னப் புழுக்களாகத் திரண்டு வந்துவிடும். பெயிண்ட் ஏற்கெனவே பொரிந்திருந்தால் மைலாரைத் தொடவே தொடாதீர்கள், படத்தையும் சேர்த்தே உரித்துக்கொண்டு வரும்.

இரண்டாவது வழியில்தான் என் மனம் தங்குகிறது: அழிந்த இடத்தை மட்டும் தொட்டு எழுதி, மேலே கிளியர், அதாவது நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு, அடிப்பது. வேலை வண்ணத்தில் தொடங்குவதில்லை, இன்சர்ட்டில் தொடங்குகிறது. கீழேயிருந்து ஹீட் கன்னால் சூடு காட்டி, ஆடுகிறதை எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, மேல்மட்டம் பலகையோடு சமமாக நிற்கும்படி எப்பாக்ஸி வைத்துப் பதிக்க வேண்டும். குண்டு விழும் குழிகளின் விளிம்பில் மரம் உதிர்ந்திருந்தால், சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல எப்பாக்ஸியால் நிரப்பித் தேய்த்துச் சமன் செய்ய வேண்டும்.

அப்புறம்தான் வண்ணம். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். டப்பாவில் இருக்கும் அசல் சிவப்பு அல்ல நமக்கு வேண்டியது, நாற்பது ஐம்பது வருட லேக்கருக்கு அடியில் பழுத்துப்போன சிவப்பு. கலவையை ஓர் ஓரத்தில் வைத்துக் காயவிட்டு, அதன்மேல் நாப்தாவைத் தொட்டு நனைத்துப் பாருங்கள். நனைந்திருக்கும் அந்தச் சில நொடிகளில் தெரிவதுதான் கிளியருக்கு அடியில் தெரியப்போகும் வண்ணம். காய்ந்த நிலையில் பொருந்தியதாகத் தோன்றியது, நனைந்ததும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். கறுப்புக் கோடுகளை மார்க்கர் பேனாவால் இழுப்பது சுலபம்தான். ஆனால் கிளியர் மேலே விழுந்ததும் அந்த மை கசிந்து ஊதா நிழல் விடும். சன்னத் தூரிகையும் அக்ரிலிக்கும் போதும், பொறுமைதான் கூடுதலாக வேண்டும்.

கிளியருக்குக் கார் பெயிண்ட் பட்டறைகளில் அடிக்கும் இரண்டு பாகக் கலவை யூரித்தேன்தான் சிறந்தது. அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண மாஸ்க் போட்டுக்கொண்டு வீட்டு கராஜில் அடிக்கக் கூடாது. வெளியிலிருந்து காற்று தரும் முகக்கவசமும் ஸ்பிரே பூத்தும் இருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் பலகையில் சிலிக்கான் பாலிஷின் சுவடே இருக்கக் கூடாது. இருந்தால் கிளியர் ஒட்டாமல் மீன்கண் மீன்கண்ணாக விலகி நிற்கும். அடித்து வந்ததும் மாட்டிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். சில வாரம் உலரவிடுங்கள். முழுக்க இறுகாத கிளியரில் ரப்பர் மாட்டும் போஸ்டை (சிறு தூணை) முறுக்கினால் அதைச் சுற்றி அலை அலையாக மேடு கட்டிவிடும்.

மூன்றாவது வழி, மேலே ஒட்டுவது. இதில் இரண்டு ரகம் உண்டு. படம் அச்சடித்த மெல்லிய ஸ்டிக்கர் ஒன்று. இதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஓட்டைகள் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் கண்ணை உறுத்தும், ஓரம் கிளம்பும், இறங்கிய இன்சர்ட் இறங்கியபடியேதான் இருக்கும். இன்னொன்று ஹார்ட்டாப். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கெட்டிப் பிளாஸ்டிக் தகட்டின் அடிப்பக்கம் படத்தை அச்சடித்துத் தருகிறார்கள். குண்டு மையைத் தொடுவதே இல்லை, அந்த அளவில் நல்ல யோசனை. ஆனால் ஒட்டுவதற்கு முன் பழைய படம் முழுவதையும் தேய்த்து எடுத்து, பலகையை ஒரே மட்டமாக்கியாக வேண்டும். தேய்த்த பிறகு திரும்பிப் போக வழி இல்லை. படம் ஏற்கெனவே பாதிக்கு மேல் போன மெஷினுக்கு, புதுப் பலகை யாரும் செய்யாத மெஷினுக்கு, இது சரி. நல்ல திட்டுகள் மிச்சமிருக்கும் பலகையில் இதைச் செய்வது எனக்கு வயிற்றெரிச்சல்.

கடைசி வழி, பலகையையே மாற்றுவது. கனடாவில் கிளாசிக் பிளேஃபீல்டு ரீப்ரொடக்ஷன்ஸும் ஜெர்மனியில் மிர்கோவும் பழைய மெஷின்களுக்குப் புதுப் பலகை செய்கிறார்கள். பல நூறு டாலர் ஆகும். ஆனால் காசை விட வேலைதான் பெரிது. கீழ்ப்பக்கத்தில் விளக்கு ஹோல்டர்கள், ஸ்டேபிள் அடித்து ஓடும் செப்புக் கம்பி, சுவிட்ச், காயில், மரத்தில் பதிக்கும் டி-நட் என்று எல்லாமே இடம் மாற வேண்டும், கணிசமான பகுதியைச் சால்டரிங் அயர்னால் பற்றவைக்க வேண்டும். பலகையைத் திருப்பித் திருப்பிப் போட ஒரு சுழல் ஸ்டாண்டும், கழற்றும்முன் எடுத்த நூற்றுக்கணக்கான போட்டோக்களும் இல்லாமல் இறங்காதீர்கள். இரண்டு மூன்று வார இறுதியில் முடியும் வேலை அல்ல.

எய்ட் பாலுக்கு வருவோம். தேய்மானம் திட்டுத் திட்டாக இருந்து இன்சர்ட்டுகள் பத்திரமாக இருந்தால், தொட்டு எழுதிக் கிளியர் அடியுங்கள், சந்தேகமே வேண்டாம். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் மரம் தெரிந்து, பிளைவுட்டின் அடுக்கும் பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஆயிரக்கணக்கில் செய்த மெஷின், மாற்றுவதால் வரலாறு ஒன்றும் தொலைந்துவிடாது. சில நூறு மட்டுமே செய்த மெஷின் என்றால் என் பதில் வேறு: சுத்தம் செய்து, மெழுகு போட்டு, ஆடுங்கள்.

மாற்றினாலும் பழைய பலகையைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்தவர் வண்ணம் பொருத்திப் பார்க்க அதைவிட நல்ல மாதிரி கிடையாது. விளக்குகளில் 44ஆம் எண் பல்புகளை எடுத்துவிட்டு 47 போடுங்கள், சூடு குறையும், இன்சர்ட் தாங்கும். எல்லாம் மாட்டி முடித்ததும் புதுக் குண்டு ஒன்றை வாங்கிப் போடுங்கள். வடு விழுந்த பழைய குண்டை அந்தப் பலகையில் ஒரு ஆட்டம்கூட விடாதீர்கள்.