ஆலப்புழையா, குமரகமா, கொல்லமா: படகு வீட்டில் ஓர் இரவு

கேரளத்தில் படகு வீடு என்றாலே நம் ஆட்கள் ஆலப்புழைக்கு டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் குமரகமும் கொல்லமும் அதே அனுபவத்தின் வேறு விலைகள் என்று நினைத்தால்தான் தப்பு. மூன்றும் மூன்று விதம்.

முதலில், எங்கே ஏறினாலும் பொதுவான ஒரு விஷயம்: ராத்திரியில் படகு ஓடாது. சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் கரையில் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் காயல், அதாவது கடலோர உப்பங்கழி, மீனவர்களுக்கு உரியது, வலை விரிக்கும் நேரம். மதியம் 12 மணிவாக்கில் ஏறி, மறுநாள் காலை 9 மணிக்கு இறங்கும் வழக்கமான பயணத்தில் படகு நகர்வது என்னவோ ஐந்தாறு மணி நேரம்தான். எந்த வழியாகப் போகிறது, ராத்திரி எங்கே கட்டுகிறார்கள் என்ற இரண்டு கேள்விதான் முக்கியம். மெத்தை, டிவி எல்லாம் அப்புறம்.

ஆலப்புழையின் பலம் குட்டநாடு. கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் ஊர் இது. பம்பை ஆற்றில் போகும்போது தண்ணீர் மேலேயும் வயல் கீழேயும் இருக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் பச்சை ஓர் ஆள் உயரம் இறங்கிக் கிடக்கும். கைநகரி, நெடுமுடி, சம்பக்குளம் பக்கம் போனால் வாத்துக் கூட்டம், சர்ச், கள்ளுக்கடை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் என்று கரை முழுக்க ஊர்தான். அந்தக் காலத்தில் நெல்லும் மிளகும் ஏற்றிக் கொச்சிக்குப் போன, ஆணியில்லாமல் தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்த கெட்டுவள்ளங்களின் வழி வந்தவைதான் இன்றைய படகு வீடுகள்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது: கூட்டம். டிசம்பர் கடைசியிலும் நீண்ட வார இறுதிகளிலும் புன்னமடைப் பக்கம் படகுகள் டோல்கேட்டில் நிற்கிற லாரிகள் மாதிரி வரிசை கட்டும். ராத்திரி பக்கத்துப் படகின் ஜெனரேட்டரும் பாட்டும் நமக்கும் சேர்த்துத்தான். வார நாளில் போங்கள், "காயலைச் சுற்றிவிட்டு வராமல் கைநகரிப் பக்கம் போவீர்களா, தனியாகக் கட்டுவீர்களா?" என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

குமரகம், ஆலப்புழை இருக்கும் அதே வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரை, கோட்டயத்துக்குப் பக்கம். இங்கே பார்க்கக் கிடைப்பது ஊர் அல்ல, விரிந்த தண்ணீரும் காற்றும். பறவைகள் சரணாலயம் இருக்கிறது. காலையில் சீக்கிரம் எழுகிறவர்களுக்கு அது பெரிய வரம். ரிசார்ட் ஊர் என்பதால் விலையும் கொஞ்சம் தூக்கல்தான். புதுமணத் தம்பதிகளுக்குச் சரி. கிராமம் பார்க்க ஆசைப்பட்டு வந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும் என்பது என் கணிப்பு. வேனிலில் இன்னொரு சங்கடம்: உப்புநீர் வயலுக்கு வராமல் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை இறக்கிவிடுவார்கள். தேங்கிய தண்ணீரில் ஆகாயத்தாமரை மண்டும்.

கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் படகுகள் குறைவு, சத்தமும் குறைவு. தென்காசி, மதுரைக்காரர்களுக்குச் செங்கோட்டை, புனலூர் வழியாக ரயிலும் இருக்கிறது. அந்த மலைப்பாதையே தனிப் பயணம். ஆனால் இங்கே உண்மையில் பார்க்க வேண்டியது கல்லடை ஆறு காயலில் சேரும் இடத்திலுள்ள மன்றோ துருத்து என்ற தீவு. அதன் வாய்க்கால்கள் ரொம்பக் குறுகல், படகு வீடு நுழையாது. கழி ஊன்றித் தள்ளும் சின்ன வள்ளத்தில்தான் போக முடியும். அதனால் கொல்லத்தில் நான் படகு வீட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். தீவில் ஒரு ஹோம்ஸ்டேயில் தங்கிவிட்டு விடியற்காலையில் வள்ளம் ஏறுங்கள். படித்துறையில் பாத்திரம் தேய்க்கிறவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமல் இருந்தால் போதும். அது அவர்கள் வீட்டு வாசல்.

ஆக, வயதான அம்மா அப்பாவோடு, சமையல்காரர் சுடச்சுடக் கரிமீன் பொரித்துத் தர, அசையாமல் உட்கார்ந்து ஊர் பார்க்க வேண்டுமென்றால் ஆலப்புழை. நடக்க, துடுப்பு போட, ஈரமாகத் தயார் என்றால் மன்றோ துருத்து. குமரகம் என் பட்டியலில் மூன்றாவதுதான்.

ஆலப்புழையில் ஏறுகிறவர்கள் இன்னும் சிலதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏசி பெரும்பாலும் ராத்திரி 9 முதல் காலை 6 வரைதான் ஓடும். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழியில் மீன்கடையில் நிறுத்தி ஆற்றுக்கொஞ்சை (பெரிய ஆற்று இறால்) காட்டுவார்கள். அது பேக்கேஜில் சேராது, விலை கேட்காமல் தலையாட்டாதீர்கள். உயிர்காப்பு உடை ஆளுக்கொன்று இருக்கிறதா என்று ஏறும்போதே எண்ணிக்கொள்ளுங்கள்.

பட்ஜெட் இடித்தால் ஆலப்புழை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே படகுத்துறை இருக்கிறது. மாநில நீர்ப்போக்குவரத்துத் துறையின் கோட்டயம் படகில் ஏறுங்கள். சுமார் இரண்டரை மணி நேரம், பஸ் கட்டணம் மாதிரிச் சொற்பக் காசு. பக்கத்து சீட்டில் காய்கறிப் பையோடு குட்டநாட்டுக்காரரே உட்கார்ந்திருப்பார்.