நவரைக்கு நெல்லா, உளுந்தா, மணிலாவா? கடலூர் – புதுச்சேரி தண்ணீர்க் கணக்கு

கடலூர், புதுச்சேரி பக்கத்து விவசாயிக்கு ஒரே வருஷத்தில் இரண்டு அடி விழுகிறது. கார்த்திகையில் வயல் மூழ்குகிறது. பங்குனியில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீர் இல்லாமல் காற்றைத் தள்ளுகிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரைச் சூழ்ந்தது. அத்தனையும் கடலுக்குப் போன கையோடு, இந்த வட்டாரத்தில் தையில் தொடங்கும் நவரைப் போக நெல்லுக்கு மோட்டார் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

பருவம் மாறுகிறது, விவசாயமும் மாறணும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, எதை மாற்றுவது? போரை ஆழப்படுத்தலாம். கரும்புக்குச் சொட்டுநீர் போடலாம். நெல்லையே, வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வளர்க்கலாம். நாற்று விடாமல் நேரடியாக விதைக்கலாம். நெல்லுக்குப் பதில் உளுந்து, மணிலா எனப்படும் நிலக்கடலை என்று பயிரையே மாற்றலாம். இந்த ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் நான் வந்து நிற்கும் இடம் இதுதான்: மழைக்காலப் போகமான சம்பாவில் நெல் இருக்கட்டும், நவரையில் நெல்லை விட்டுவிட வேண்டும்.

முதலில் அளவு. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 40,000 லிட்டர். நெல்லுக்குச் சராசரியாக 120 சென்டிமீட்டர் தேவை என்பார்கள். அதாவது ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர். சம்பாவில் இதில் பெரும்பங்கை வடகிழக்குப் பருவமழையே கொடுத்துவிடும். நவரையில் தையிலிருந்து சித்திரை வரைக்கும் வானம் கொடுப்பது சொற்பம். கிட்டத்தட்ட மொத்தமும் நிலத்தடியிலிருந்துதான் வர வேண்டும். அதே நெல், அதே வயல்தான். ஆனால் ஒரு போகம் மழையைக் குடிக்கிறது, மற்றொன்று போரைக் குடிக்கிறது. ஒப்பீடு முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

போரை ஆழப்படுத்துவதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. கடலோரத்தில் நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கினால் உப்புநீர் உள்ளே ஏறும். ஏறியது ஒரு மழைக்காலத்தில் கழுவிக்கொண்டு போகாது. கடனை வாங்கி ஆழம் போட்டவருக்கு இரண்டு மூன்று கோடை தாங்கும், பக்கத்து வயல்காரருக்கு அதுவும் இல்லாமல் போகும். இதை மாற்று வழி என்றே நான் எண்ணவில்லை.

சொட்டுநீர்க் கரும்பு அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர் பக்கமெல்லாம் கரும்பு பழகிய பயிர். தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீருக்கு முழு மானியம் உண்டு. ஒற்றை மொட்டிலிருந்து வளர்த்த ஒரு பரு நாற்றை ஐந்தடி இடைவெளியில் நட்டு, உரத்தையும் குழாய் வழியாகவே கொடுத்தால் விளைச்சலும் கூடும், ஆள்செலவும் குறையும். வெள்ளம் நாலு நாள் நின்றாலும் வளர்ந்த கரும்பு தாங்கிக்கொள்ளும்.

ஆனால் கரும்பு வருஷம் முழுக்கக் குடிக்கிற பயிர். 200 சென்டிமீட்டர், ஏக்கருக்கு 80 லட்சம் லிட்டர். சொட்டுநீரில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் என்று வைத்தாலும் 50 லட்சத்துக்கு மேல் நிற்கிறது. இன்னொரு விஷயம்: மிச்சமான தண்ணீரில் இன்னும் அரை ஏக்கர் கரும்பு சேர்த்து நட்டால் நிலத்தடிக்கு மிச்சம் எதுவும் இல்லை. ஏற்கெனவே கரும்பு போடுகிறவர் சொட்டுநீருக்கு மாறுவது நல்லது, உடனே செய்ய வேண்டியது. நெல்லை விட்டுக் கரும்புக்குப் போவதைத் தண்ணீர்ச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. உவர்ப்பும் இரும்பும் கலந்த தண்ணீராக இருந்தால் சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும். வடிகட்டியைக் கழுவுவது, அமிலம் விட்டுக் குழாயைச் சுத்தம் செய்வது எல்லாம் மறக்காமல் செய்தால்தான் அது ஓடும்.

காய்ச்சலும் பாய்ச்சலும் இவற்றிலேயே மலிவானது. ஒரு அடி நீளத்துக்கு பிவிசி குழாய்த் துண்டு, இல்லாவிட்டால் மூங்கில் துண்டு போதும். கீழ்ப் பாதியில் துளை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போகும்படி வயலில் இறக்கி, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். அப்புறம் ஓர் ஈர்க்குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். மேல்மண் வெடிக்கத் தொடங்குவதைப் பார்த்து மனசு பதறும். ஆனால் தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போகும் வரை வேருக்கு ஈரம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். அதற்குப் பிறகு பாய்ச்சினால் போதும். நட்ட முதல் இரண்டு வாரம் களை முளைக்காமல் இருக்கவும், பூக்கும் சமயத்தில் மணி பிடிப்பதற்காகவும் தண்ணீர் நிற்க வேண்டும். இப்படிச் செய்தால் விளைச்சல் குறையாமல் 30 சதவீதம் வரை நீர் மிச்சமாகும், வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் குறையும்.

இவ்வளவு நல்ல முறை ஏன் பரவவில்லை? மின்சாரம் இலவசம், மோட்டாரை நிறுத்துகிறவருக்குக் கையில் காசு எதுவும் மிச்சமாவதில்லை. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் வயலை நிரப்பிவிட வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்கிறது. வயல் மட்டமாக இல்லாவிட்டால் மேடு காயும், பள்ளம் நிற்கும், மேட்டில் களை மண்டும். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பரங்கிப்பேட்டை, கிள்ளை போல உவர் ஏறிய மண்ணில் இந்த முறை வேண்டாம். காயக் காய உப்பு மேலே வந்து பயிரைக் கருக்கிவிடும்.

நேரடி விதைப்பு சம்பாவுக்கு ஏற்றது. காட்டுமன்னார்கோயில், குமராட்சி பக்கத்தில் இது பழக்கத்தில் உள்ள முறைதான். கோடை உழவு செய்த புழுதியில் ஆவணி வாக்கில் விதைத்துவிட்டால், சேறடிக்கும் தண்ணீர் மிச்சம், நாற்றங்காலும் நடவுக்கூலியும் மிச்சம். வீராணம் நிரம்பி வாய்க்காலில் தண்ணீர் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இதைவிடப் பெரிய லாபம் வெள்ளத்தில் தெரியும். ஐப்பசியில் நட்ட பயிர் கார்த்திகை வெள்ளத்தில் முழுசாக மூழ்கும். ஆவணியில் விதைத்தது அதற்குள் தூர்கட்டி உயர்ந்து நிற்கும். சிஆர் 1009 சப் 1 போன்ற ரகத்தைப் போட்டால், இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி துளிர்க்கும் குணமும் கூடவே வருகிறது. குறை என்றால் களைதான். முதல் ஈரம் கிடைத்த சில நாளுக்குள் களைக்கொல்லி அடிக்கத் தவறினால் வயல் கைமீறிப் போய்விடும். விதையும் ஏக்கருக்கு 30 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும்.

கடைசியாக, நவரையில் பயிர் மாற்றம். 2024–25 ஆதரவு விலையில் கணக்குப் போடுகிறேன். நவரை நெல் ஏக்கருக்கு 75 கிலோ மூட்டையில் 30 மூட்டை என்றால், சன்னரகத்துக்கு குவிண்டால் 2,320 ரூபாய் வீதம் 52,000 ரூபாய். தண்ணீர் 48 லட்சம் லிட்டர். பாசன உளுந்து 350 கிலோ விளைந்தால், குவிண்டால் 7,400 வீதம் 26,000 ரூபாய். தண்ணீர் 12 லட்சம் லிட்டர். வரவு பாதி, தண்ணீர் கால் பங்கு. உளுந்துக்குச் செலவும் குறைவு, எழுபது எழுபத்தைந்து நாளில் வயலும் காலி. செம்மண் மேட்டில் மணிலா 9 குவிண்டால் எடுத்தால், 6,783 வீதம் 61,000 ரூபாய். தண்ணீர் 20 லட்சம் லிட்டரைச் சுற்றி. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் விஆர்ஐ ரகங்கள் இந்த மண்ணுக்கென்றே வந்தவை. விதைச் செலவும், களையெடுக்கவும் காய் பறிக்கவும் ஆகும் கூலியும் மணிலாவில் அதிகம்தான். அப்படியும் தண்ணீரைச் சேர்த்துப் பார்த்தால் நெல் பின்தங்கிவிடுகிறது.

களிமண் பள்ளத்தில் மணிலா வராது. அங்கே சம்பா தரிசில் உளுந்துதான். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள்ளேயே விதையைத் தூவுவார்கள். மிச்ச ஈரமும் பனியுமே பயிரை வளர்த்துவிடும். மோட்டார் போட வேண்டியதே இல்லை. இப்போது இயந்திர அறுவடை என்பதால் அந்தச் சக்கரம் முளைத்த செடியை நசுக்கிவிடுகிறது. விதைப்பை அறுவடைக்கு மூன்று நாலு நாள் முன்னதாக என்று தள்ளிவைத்தால் சேதம் குறையும்.

இத்தனை கணக்குக்குப் பிறகும் விவசாயி நெல்லை விட மாட்டார் என்றால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நெல்லுக்கு ஊர் ஊராக நேரடிக் கொள்முதல் நிலையம் திறக்கிறது. உளுந்துக்கும் மணிலாவுக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வரை வண்டி வைத்துக் கொண்டுபோக வேண்டும், பெரும்பாலும் அன்றைய ஏலத்தில் என்ன விலையோ அதுதான். மேலே நான் போட்ட ஆதரவு விலை கைக்கு வராவிட்டால் உளுந்துக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். நெல் எடுக்கும் அதே இடத்தில் பங்குனி, சித்திரையில் உளுந்தையும் மணிலாவையும் ஆதரவு விலைக்கு எடுக்கட்டும். சொட்டுநீருக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு பங்கை இதற்குத் திருப்பினால், நிலத்தடி நீருக்கு அதைவிடக் கூடுதல் பலன் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.