மலை ஏரிக்கு எந்தத் தூண்டில்? தென்காராவும் அதன் இரு போட்டியாளர்களும்

முதுகுப்பையைச் சுமந்து பல நாள் நடந்து மலை ஏரிகளை அடைபவர்கள் அங்கே ட்ரவுட் மீனையும் பிடிக்க விரும்பினால், அவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: ஜப்பானின் தென்காரா என்னும் தூண்டில் கோல், தூண்டில் நரம்பைச் சுருட்டும் ரீல் பொருத்தி, செயற்கைப் பூச்சியை வீசும் மேற்கத்திய ஃபிளை கோல், தண்ணீர் நிரப்பும் மிதவையின் துணையோடு செயற்கைப் பூச்சியை வீசும் சிறிய ஸ்பின்னிங் கோல். எடையை மட்டும் பார்த்தால் தென்காராவோடு மற்ற இரண்டும் போட்டியிடவே முடியாது. ஆனால் அது ஏரிக்கென உருவான கருவி அன்று. அதை அறியாமல் வாங்குபவர்களே ஏரிக்கரையில் நின்று அதைக் குறை சொல்கிறார்கள்.

ஜப்பானின் மலையோடைகளில் இவானா, யமாமே, அமாகோ ஆகிய மீன்களைப் பிடித்து விற்றுப் பிழைத்தவர்களின் கருவி அது. நீண்ட கோல், அதன் நுனியில் நேரடியாகக் கட்டிய நரம்பு, நரம்பின் முனையில் கெபரி என்னும் செயற்கைப் பூச்சி, அவ்வளவுதான். ரீலும் இல்லை, நரம்பு ஓடும் வளையங்களும் இல்லை. கோலை உயர்த்திப் பிடித்தால் நரம்பின் பெரும்பகுதி நீரைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். இடையிலுள்ள வேகமான நீரோட்டம் அதைப் பற்றி இழுக்க முடியாததால், பாறைக்குப் பின்னாலுள்ள அமைதியான நீரில் பூச்சி இயல்பாக மிதக்கும். தேங்கி நிற்கும் ஏரியில் இந்தச் சிறப்புக்கு வேலையே இல்லை. போதாக்குறைக்கு, தென்காராவில் பரவலாகப் பயன்படும் ஃபுளோரோகார்பன் என்னும் பிளாஸ்டிக் நரம்பு தண்ணீரைவிட அடர்த்தியானது. ஏரியின் மேல் கிடத்தினால் அது மெல்ல மூழ்கி, மிதக்க வேண்டிய பூச்சியையும் கரைப் பக்கமாக இழுத்துவிடும்.

அடுத்தது எட்டும் தொலைவு. 3.6 மீட்டர் கோல், ஏறக்குறைய அதே நீளத்துக்கு நரம்பு, அதன் முனையில் 1 மீட்டருக்குச் சற்றே கூடுதலான மெல்லிய நுனி நரம்பு ஆகியவற்றைக் கொண்டு நிற்பவர் சுமார் 8 மீட்டர் வரை பூச்சியை வைக்கலாம். நரம்பை இன்னும் நீட்டலாம்; ஆனால் மாட்டிய மீனைக் கரைசேர்க்கும்போது சுருட்ட ரீல் இல்லாததால், கோலைப் பின்னால் சாய்த்து நரம்பைக் கையாலேயே இழுக்க வேண்டியிருக்கும். ஓரளவு பழகியவர் மேற்கத்திய ஃபிளை கோலால் 15 மீட்டரைச் சிரமமின்றித் தாண்டுவார். மிதவை கட்டிய ஸ்பின்னிங் கோல் அதையும் மிஞ்சும். மிதவையில் பாதியளவு நீரை நிரப்பினால் கிடைக்கும் எடையே எதிர்காற்றிலும் வீச்சைக் கொண்டுசேர்க்கும். காற்று எழும் பிற்பகலில் மெல்லிய தென்காரா நரம்பு வீசுபவரின் முகத்துக்கே திரும்பி வருவதைப் பார்த்தால், இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

இருந்தும் தொலைவே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுவதில்லை என்பது என் உறுதியான கருத்து. மலை ஏரியில் ட்ரவுட்டுக்கு உணவு பெரும்பாலும் கரையோரத்தில்தான் கிடைக்கிறது. வெயில் அடிவரை இறங்கும் ஆழமற்ற பகுதியில் பூச்சிகள் பெருகுவதால், மீன்கள் அதிகாலையிலும் அந்தியிலும் கரையை ஒட்டியே ரோந்து வருகின்றன. ஓடை வந்து கலக்கும் வாயும், நீர் வழிந்து வெளியேறும் இடமும் இன்னும் வளமானவை. அங்கே நீர் ஓடுவதால் தென்காரா தன் சொந்த வேலையைச் செய்யத் தொடங்குகிறது. ஏரி கண்ணாடியாகக் கிடக்கும் காலையில், கரையிலிருந்து சில அடி பின்வாங்கி மண்டியிட்டு, தெளிந்த நீரில் ஒரு மீன் நெருங்குவதைக் கண்டு, அது வரும் வழியில் கெபரியை முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும். பூச்சி சிறிது மூழ்கியதும் கோலின் நுனியை ஒரு சாண் உயர்த்தித் தளர்த்தினால், சகாசா என்னும் வகைக் கெபரியின் முன்னோக்கி வளைந்த இறகு இழைகள் மடங்கி விரிந்து உயிருள்ளதைப்போல் துடிக்கும். மீன் பக்கவாட்டில் திரும்பும் கணம் கண்ணுக்கே தெரியும். அத்தகைய நெருக்கத்தில் மேற்கத்திய கோலின் தடித்த நரம்பு நீரில் விழும் ஓசையே மீனை விரட்டிவிடக்கூடும். மிதவை எழுப்பும் சலசலப்பைச் சொல்லவே வேண்டாம்.

சுமையைப் பொறுத்தவரை தென்காரா கோல் பொதுவாக 100 கிராமுக்குள் அடங்கும். மடக்கினால் அரை மீட்டரளவே இருப்பதால் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டிலும் ரீலும் நரம்பும் சேர்ந்தே கோலைவிடக் கூடுதலாக எடை போடும். உறைபனிக் காலையில் மற்ற கோல்களின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும். வளையமே இல்லாத தென்காராவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் நுனிப்பகுதி மிக மெல்லியது. விரிக்கும்போது நுனியிலிருந்தும், மடக்கும்போது அடிப்பகுதியிலிருந்தும் தொடங்குவதே சரியான முறை. அவசரத்தில் இந்த வரிசையை மாற்றுபவர்கள் நுனியை ஒடித்துவிடுகிறார்கள். மணல் புகுந்து அடுக்குகள் இறுகிக்கொள்வதும் உண்டு.

பெரிய மீன் மாட்டினால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. ரீல் உள்ளவர் நரம்பை விட்டுக்கொடுத்து மீனைக் களைப்படையச் செய்யலாம். தென்காராக்காரர் கோலின் வளைவை மட்டுமே நம்பிக் கரையோரமாகப் பின்தொடர்ந்து ஓட வேண்டும். கோல் முறியாதிருக்க நுனி நரம்பு 5எக்ஸ் என்னும் தடிமன் அளவைவிடத் தடிமனாக இருக்கலாகாது என்பது பொது விதி. மீன் வென்றால் நரம்புதான் அறுபட வேண்டும், கோல் அன்று. உயர்ந்த ஏரிகளில் வளரும் பருவம் குறுகியதாகையால் மீன்கள் பெரும்பாலும் சிறியவையே. ஆகவே இந்தக் குறையை நான் பெரிதாக எண்ணுவதில்லை.

எந்தக் கோலைத் தேர்ந்தாலும், அருவிகள் வழிமறித்ததால் இயற்கையாக மீன் ஏறாத மலை ஏரிகள் ஏராளம் என்பதை நினைவில் வைத்து, குறிப்பிட்ட ஏரியில் மீன் இருக்கிறதா, உரிமம் தேவையா என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

என் பரிந்துரை இதுதான். நடையே முதன்மை, மீன்பிடிப்பு காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம், வழியில் ஓடைகளும் உண்டு என்றால் தென்காராவையே எடுத்துச் செல்லலாம். ஒரே ஏரியில் கூடாரமடித்து நாள் முழுவதும் வீசப்போகிறவருக்கும், கரை நெடுகத் திறந்தவெளியாகக் காற்றுக்கு உட்பட்ட ஏரிக்குச் செல்பவருக்கும் மிதவையோடு கூடிய ஸ்பின்னிங் கோலே பயன் தரும். மேற்கத்திய ஃபிளை கோல் ஏற்கெனவே வீசத் தெரிந்தவர்களுக்கு மிகச் சிறந்தது. முன்னே வீசுமுன் நரம்பைப் பின்னால் எறியும் பின்வீச்சுக்கு இடமில்லாத மரக்கரையில் முதன்முதலாகக் கற்க அது ஏற்றதன்று. தென்காராவைத் தேர்பவர்கள் மறக்காமல் இரண்டு நரம்புகளை வைத்துக்கொள்ள வேண்டும்: ஓடைக்கு ஃபுளோரோகார்பன், ஏரிக்குக் காற்றில் சற்றுக் கனமாகச் செல்லும், நீரில் மிதக்கும் நரம்பு. இரண்டாவதன் எடை சில கிராம்களே.