எக்செல்லா, பைத்தானா? விலைவாசி ஆடும் காலத்தில் எதில் கற்றுக்கொடுப்பது

நிதித் தரவு அலசலை எக்செல் அட்டவணையில் கற்றுக்கொடுப்பதா, பைத்தான் என்ற நிரல்மொழியிலா? கற்றுக்கொடுக்க உட்காரும் எவருக்கும் முதலில் வரும் கேள்வி இது. விலைவாசி சீராக இருக்கும் காலத்தில் எதில் தொடங்கினாலும் பெரிய வித்தியாசமில்லை. பணவீக்கமும் நாணய மதிப்பும் மாதத்துக்கு மாதம் ஆடும்போது வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. இரண்டிலும் வகுப்பெடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒரே கணக்கை இரண்டிலும் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் விற்பனை போன வருடம் 100, இந்த வருடம் 140. அதற்குள் விலைவாசி 60 சதவீதம் ஏறிவிட்டது. உண்மையில் விற்பனை என்ன ஆனது? 40-இலிருந்து 60-ஐக் கழித்து "20 சதவீதம் சரிவு" என்று பலரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். 1.40-ஐ 1.60-ஆல் வகுத்தால் 0.875, சரிவு 12.5 சதவீதம்தான். பணவீக்கம் 3, 4 சதவீதமாக இருந்தால் கழித்தாலும் ஏறக்குறைய சரியான விடை வந்துவிடும், தப்பு வெளியே தெரியாது. 60 ஆகும்போதுதான் குட்டு உடைகிறது.

எக்செல்லில் இது மூன்று நெடுவரிசை வேலை: விற்பனை, விலைக் குறியீட்டெண் (போன வருட விலைவாசியை 100 என்று வைத்தால் இந்த வருடம் 160), வகுத்த விடை. எல்லா எண்ணும் கண்ணெதிரே இருக்கிறது. குறியீட்டெண்ணை 160-இலிருந்து 110 ஆக்கச் சொல்கிறேன். கழித்தால் வளர்ச்சி 30, வகுத்தால் 27.3. இரண்டு விடைகளும் நெருங்கி வருவதை மாணவர் தானே மாற்றிப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். பைத்தானிலும் இது ஒரே வரிதான். ஆனால் அந்த வரிக்கு வந்து சேர்வதற்குள் மென்பொருளை நிறுவுவது, ஃபைலைத் திறப்பது, தேதி வடிவத்தோடு மல்லுக்கட்டுவது என்று புதியவருக்கு இரண்டு வகுப்புகள் போய்விடும். பணவீக்கம் பற்றிய பேச்சே எழாது. ஆகவே முதல் சுற்றில் என் ஓட்டு எக்செல்லுக்கு.

அப்புறம் நிலைமை மாறுகிறது. மாதாமாதம் புதுக் குறியீட்டெண் வரும். முன்பு வெளியான ஜிடிபி எண்களையே திருத்தி மறுபடி வெளியிடுவார்கள். ஒவ்வொரு முறையும் வெட்டி ஒட்டி ஃபார்முலாவை இழுத்துக்கொண்டிருந்தால் எங்கேயோ ஒரு வரிசை விட்டுப்போகும். ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதார நிபுணர்கள் 2010-இல் எழுதிய பொதுக்கடன் பற்றிய கட்டுரையில் இதுதான் நடந்தது; எக்செல் சராசரியில் ஐந்து நாடுகள் சேராமல் போயின. 2013-இல் அது வெளியே வந்ததற்குக் காரணம் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்ததுதான். எந்த வகுப்பிலும் நான் தவறாமல் சொல்லும் சம்பவம் இது.

பைத்தானில் ஒவ்வொரு படியும் எழுத்தில் நிற்கிறது. புது ஃபைலைக் கொடுத்து மறுபடி ஓட்டினால் போதும். பக்கத்தில் இருப்பவர் வரிவரியாகப் படித்துத் தப்பைக் காட்டலாம். தரவு அலசலுக்காகப் பைத்தானில் பயன்படுத்தும் பாண்டாஸ் நூலகமே (தயாராக எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு) 2008-இல் வெஸ் மெக்கின்னி ஒரு முதலீட்டு நிறுவனத்தில் நிதித் தரவுக்காக எழுதத் தொடங்கியது என்பதால், தேதி சார்ந்த வேலைகளில் அது கைதேர்ந்தது. இந்தச் சுற்று பைத்தானுக்கு.

தரவை வரைபடங்களாகக் காட்டும் பவர் பிஐ மென்பொருளையும் சிலர் கேட்பார்கள். முடிவை அழகாகக் காட்ட நல்லது. கணக்கைப் புரியவைக்க முதலில் அதை எடுக்க மாட்டேன்.

பைத்தானிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்த விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி, மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. ஏற்ற இறக்கத்தை அளக்க வழக்கமாக மடக்கை லாபவிகிதம் எடுப்போம்; அதாவது இன்றைய விலையை நேற்றைய விலையால் வகுத்து, அதற்கு மடக்கை (log) காண்போம். எதிர்ம எண்ணுக்கு மடக்கை கிடையாது. எக்செல்லில் அந்தச் செல்லில் பிழைக்குறி வரும், கீழே போட்ட திட்டவிலக்கமும் (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) சேர்ந்து பிழையாகும். மாணவர் நின்றுதான் ஆக வேண்டும். பாண்டாஸோ ஒரு எச்சரிக்கை வரியைக் காட்டிவிட்டு, அந்த நாளையும் மறுநாளையும் வெற்றிடமாக விட்டு, மிச்சத்தை வைத்துத் திட்டவிலக்கத்தைக் கொடுத்துவிடும். சந்தை மிக மோசமாக ஆடிய நாள் இல்லாமலே ஏற்ற இறக்கம் கணக்காகிவிடுகிறது! பார்ப்பதற்கு விடை ஒழுங்காகவே இருக்கும்.

அதனால் எட்டு வாரம் கிடைத்தால் மூன்றை எக்செல்லுக்கும் ஐந்தைப் பைத்தானுக்கும் ஒதுக்குவேன். பைத்தான் வாரங்களில் முதல் வேலை, எக்செல்லில் போட்ட அதே கணக்குகளைத் திரும்பப் போட்டு விடை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. இரண்டே நாள்தான் கிடைக்கும் என்றால், சரி, எக்செல் மட்டும்; ஆனால் அந்த எண்ணெய் விலை ஃபைல் அதிலும் இருக்கும்.