டேக்ரானா, கேம்பரா: என் இரண்டு பழைய விண்ட்சர்ஃபிங் பாய்கள்

பாண்டிச்சேரியில் விண்ட்சர்ஃபிங் பலகையில் காற்றைப் பிடிக்கக் கட்டும் பழைய பாய் இரண்டு விலைக்கு வருகிறது, எதை வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் படம் அனுப்பிக் கேட்டிருந்தார். என்னிடமும் அதே மாதிரி இரண்டு கிடக்கின்றன. ஒன்றைப் போன வாரம்தான் கடலூர் முதுநகரில் தார்ப்பாய் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன். சூட்டோடு சூடாகச் சொல்லிவிடுகிறேன்.

லோகோவை நம்பாதீர்கள், வெயிலில் பாதி போயிருக்கும். துணியைப் பிடித்துப் பாருங்கள். வேட்டி மாதிரி மடிந்து, பின் விளிம்பில் மட்டும் குட்டைப் பேட்டன் (பாயை விறைப்பாக வைக்கும் பட்டை) இருந்தால் டேக்ரான், அதாவது பாலியெஸ்டர் துணி. 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு நுழைந்த காலத்துச் சரக்கு. கண்ணாடித்தாள் போலச் சடசடத்தால் மோனோஃபிலிம் என்ற பிளாஸ்டிக் தாள், அதற்குப் பிந்தையது. அதில் பேட்டன் மாஸ்ட் (பாய்மரக் கம்பம்) வரைக்கும் ஓடும். மாஸ்ட் உறைக்குள் கையை விடுங்கள். பேட்டன் முனையில் மாஸ்ட்டைக் கவ்வும் பிளாஸ்டிக் கவை தட்டுப்படுகிறதா? அதுதான் கேம்பர். என் ரத்தக்கொதிப்புக்குக் காரணம்.

தேவனாம்பட்டினம் கடற்கரை மணல் ஒரு சிட்டிகை உள்ளே போனால் போதும். உறையின் ஜிப்பைத் திறந்து, உள்ளங்கையால் அழுத்தி, கீழ்க் கேம்பரை மாஸ்ட்டில் ஏற்றுவேன். ‘டக்’கென்று உட்காரும். அடுத்ததை ஏற்றும்போது முதலாவது கழன்று கொள்ளும். பாயைக் கீழே இழுத்துக் கட்டும் கயிறான டவுன்ஹாலைத் தளர்த்தி மறுபடி ஆரம்பி. அதற்குள் டேக்ரான்காரன் தண்ணீரில் பாதி தூரம் போயிருப்பான். டேக்ரானில் மாஸ்ட்டைச் சொருகி, கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பான பூமைக் கட்டி, இழுத்தால் வேலை முடிந்தது.

பழுது பார்ப்பதிலும் அப்படித்தான். டேக்ரானில் துணிக்கு முன்னால் நூல்தான் வெயிலில் இற்றுப்போகும். தையலை நகத்தால் சுரண்டுங்கள். பொடியாக உதிர்ந்தால் விலையைக் குறையுங்கள், தைத்துக்கொள்ளலாம். முதுநகர்க்காரர் கறுப்பு நூலில் இரண்டு ஓட்டம் விட்டார். அழகு கிடையாது, அசையவும் இல்லை. மோனோஃபிலிம் மங்கி, மடிப்பில் விரிசல் விட்டிருந்தால் தொடவே வேண்டாம். ஊசி போட்ட ஓட்டை வழியாகவே கிழிந்துகொண்டு போகும்.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். பிற்பகல் கடற்காற்று ஏறும்போது டேக்ரானின் வயிறு, அதாவது காற்றில் புடைக்கும் வளைவு, பின்னால் நகர்ந்துவிடும், பாரமெல்லாம் பின் கையில். கேம்பர் பாய் வளைவை விடாமல் பிடித்து நிற்கும். பலகை துள்ளி எழுந்து தண்ணீரின் மேல் வழுக்கிப் போகும். அந்தச் சுகத்தை டேக்ரான் ஒரு நாளும் தந்ததில்லை.

ஆக, கேம்பர் பாய்தான் உசத்தி. ஆனால் கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருக்கும் இன்றைய தேதிக்கு என் தீர்ப்பு, டேக்ரானை வாங்குங்கள். வைகாசிக் காற்றில் கேட்டால் வேறு சொல்வேன். என் கேம்பர் பாயை விற்பேனா என்று மட்டும் கேட்காதீர்கள், அது விற்பனைக்கு இல்லை.