ஈரோட்டில் ஒரு பாதப் பராமரிப்பு வகுப்பு: சர்க்கரை நோயாளிகளுக்கு எந்த அளவு பயன்படும்?

ஈரோட்டில் சர்க்கரை நோய்க்கென்றே இயங்கும் தனியார் மருத்துவமனை ஒன்று, தன்னிடம் வரும் நோயாளிகளுக்கும் அவர்களுடன் வருபவர்களுக்கும் பாதப் பராமரிப்பு வகுப்பு நடத்துகிறது. இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயுடன் இருக்கும் என் மாமியாரை அழைத்துக்கொண்டு போய், வகுப்பு முடியும்வரை உடனிருந்து பார்த்தேன்.

அறிவுரையை ஆரம்பிப்பதற்கு முன்பே ஒவ்வொருவர் பாதத்தையும் சோதித்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மெல்லிய நைலான் இழையைப் பாதத்தின் சில இடங்களில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டிருப்பவர் அதை உணர்கிறாரா என்று கேட்கிறார்கள். அத்தையின் கட்டைவிரல் அடியில் அந்த இழை நன்றாக வளைந்து நிமிர்ந்த பிறகும் அவர், "இன்னும் ஆரம்பிக்கலையா கண்ணு?" என்று செவிலியரைக் கேட்டார். கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லி மறுபடி அதே இடத்தில் அழுத்திக் காட்டியபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். வலி இல்லாததால் காலுக்கு ஒன்றுமில்லை என்று அதுநாள்வரை சொல்லிவந்தவர், அதன் பிறகு சொன்ன ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டார். தொடர்ந்து, தட்டினால் அதிரும் உலோகக் கருவியான 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையை வைத்து அதிர்வுணர்வையும், கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் எடுத்து இரத்த ஓட்டத்தையும் பார்க்கிறார்கள்.

அடுத்து எல்லோருடைய செருப்பையும் வாங்கித் திருப்பிப் பார்க்கிறார்கள். தோட்டத்து வேலை செய்யும் ஒரு பெரியவரின் ரப்பர் செருப்புக்குள் செவிலியர் விரலை ஓட்டியபோது, அடிப்பக்கத்தை ஊடுருவி வந்திருந்த வேலமுள்ளின் நுனி தட்டுப்பட்டது. போடுவதற்கு முன் செருப்புக்குள் கையை விட்டுப் பார்க்கும் பழக்கத்தை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்க முடியாது. விரலிடுக்கில் வார் உரசும் செருப்பைத் தவிர்ப்பது, பின்வார் உள்ள எம்.சி.ஆர். (நுண்துளைகள் கொண்ட மென்மையான ரப்பர்) செருப்பைத் தேர்ந்தெடுப்பது, கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவு பார்த்து வாங்குவது ஆகியவற்றையும் காரணத்தோடு விளக்கினார்கள்.

தினமும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, குனிய முடியாதவர்கள் கண்ணாடி வைத்தோ வீட்டார் உதவியோடோ உள்ளங்கால் முழுவதையும் பார்க்க வேண்டும். களிம்பு தடவலாம், விரலிடுக்கில் மட்டும் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும். கால் ஆணிக்குப் பிளேடும் வேண்டாம், கடையில் விற்கும் ஆணிப் பட்டையும் வேண்டாம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் வைக்கும் வழக்கத்தைக் கண்டிப்பாக நிறுத்தச் சொன்னார்கள். உணர்ச்சியற்ற காலுக்குச் சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். உணர்ச்சி குறையாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையும், முன்பு புண் வந்து ஆறியவர்கள் 1 முதல் 3 மாதத்துக்குள்ளும் பாதத்தைக் காட்ட வேண்டும் என்ற கணக்கையும் தெளிவாகச் சொன்னார்கள்.

குறை என்று நான் கருதுவது, நம் ஊர் வழக்கங்களை வகுப்பு அவசரமாகக் கடந்துவிடுவது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலில் நடப்பதும், பண்ணாரியில் குண்டம் இறங்குவதும் இங்கே குடும்பங்களின் நேர்த்திக்கடன். "சாமிக்கு வேண்டிக்கிட்டதுங்க, எப்படீங்க விடறது?" என்று ஒருவர் கேட்டதற்கு, "நீங்க போகக் கூடாதுங்க" என்ற ஒரே பதில்தான் வந்தது. உணர்ச்சி இழந்த காலுக்கு அந்தப் பதில் சரியானதுதான். ஆனாலும், காணிக்கையாக மாற்றிச் செலுத்துவது, வீட்டில் வேறொருவர் நடப்பது, வெயிலுக்கு முன்பே கோயிலுக்குப் போய் வருவது என்று கேட்பவர் ஏற்கக்கூடிய வழிகளை உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அவர் மனம் ஒப்பாமல் எழுந்து போனது எனக்கு வருத்தமாக இருந்தது.

கையில் தரும் தாளின் எழுத்து மிகச் சிறியது. சர்க்கரையால் கண்பார்வையும் மங்கியவர்கள் அதை எப்படிப் படிப்பார்கள்? வார நாள் காலையில் மட்டும் வகுப்பு வைப்பதால், கூலியை விட்டு வர முடியாத விசைத்தறித் தொழிலாளர்களுக்கும் இது எட்டவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நடத்த வேண்டும்.

போகிறவர்கள் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போகாமல், தினமும் போடும் செருப்போடு போவது நல்லது. வீட்டில் பாதத்தைப் பார்த்துச் சொல்லப்போகும் ஆளையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். அவரையும் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் கற்பிக்கிறார்கள்.