கால்ஷி வெப்பநிலைச் சந்தை: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

நிகழ்வுகள் மீது பந்தயம் கட்டும் அமெரிக்காவின் கால்ஷி தளத்தில் நகரங்களின் தினசரி உச்ச வெப்பநிலைக்குப் பணம் கட்டுபவர்கள் வானிலை ஆப்பைத் திறப்பதற்கு முன் ஒப்பந்தத்தின் விதிப் பக்கத்தைப் படிக்க வேண்டும். நியூயார்க் என்றால் சென்ட்ரல் பார்க்கில் இருக்கும் ஒரே ஒரு கருவி. சிகாகோவுக்கு மிட்வே விமான நிலையம். டென்வருக்கு நகரை விட்டு வெகுதூரம் தள்ளி, சமவெளியில் இருக்கும் விமான நிலையம். தேசிய வானிலைச் சேவையின் தினசரி காலநிலை அறிக்கையில் வரும் எண்ணை வைத்தே பணம் கைமாறும். இதேபோன்ற இன்னொரு தளமான பாலிமார்க்கெட்டின் நியூயார்க் சந்தையோ லாகார்டியா விமான நிலையத்தை எடுத்துக்கொள்கிறது. மரங்களுக்கு நடுவே இருக்கும் சென்ட்ரல் பார்க் கருவி கோடையில் லாகார்டியாவைவிடக் குறைவாகக் காட்டுவது வழக்கம். இரண்டு தளங்களின் விலையையும் ஒப்பிட்டு ‘இங்கே மலிவு’ என்று வாங்குவது வீண் வேலை.

ஒவ்வொரு நாளுக்கும் பெரும்பாலும் ஆறு கட்டங்கள், அதாவது வெப்பநிலை வரம்புகள், இருக்கும். நடுவில் நான்கு, தலா 2 டிகிரி பாரன்ஹீட். இரு முனைகளும் திறந்தவை. சரியான கட்டத்தின் ‘யெஸ்’ ஒப்பந்தத்துக்கு 1 டாலர். மற்றவற்றின் ‘யெஸ்’ பூஜ்யம்.

அதிகப் பணம் போவது தசமத்தை முழு எண்ணாக்கும் இடத்தில்தான். தானியங்கிக் கருவி ஐந்து நிமிடச் சராசரியை முழு பாரன்ஹீட் எண்ணாக்கி, பிறகு செல்சியஸுக்கு மாற்றுகிறது. இணையத்தில் கிடைக்கும் ஐந்து நிமிடத் தரவு முழு செல்சியஸில் வருகிறது. தளங்கள் அதைத் திரும்பவும் பாரன்ஹீட்டாக்கிக் காட்டுகின்றன. 84 பாரன்ஹீட் என்பது 28.9 செல்சியஸ், 85 என்பது 29.4. இரண்டும் 29 ஆகிவிடும். அந்த 29-ஐத் திருப்பினால் 84.2, திரையில் 84 என்று தெரியும். உண்மையில் அது 85 ஆக இருக்கலாம். கட்டத்தின் எல்லை 84-க்கும் 85-க்கும் நடுவே விழும் நாளில், திரையை நம்பி மேல் கட்டத்தை 3 சென்ட்டுக்கு விற்பவர் அந்த 3 சென்ட்டுக்காக 97 சென்ட்டைப் பணயம் வைக்கிறார்.

இதற்கு மருந்து மெட்டார் எனப்படும், விமானப் போக்குவரத்துக்கான வானிலை அறிக்கையின் குறிப்புப் பகுதி. ‘டி’ (T) எழுத்தில் தொடங்கும் தொகுதியில் வெப்பநிலை தசமத்தோடு இருக்கும், 29.4 என்று கண்டால் 85 உறுதி. ஆனால் மெட்டார் வழக்கமாக மணிக்கு ஒன்றுதான். உச்சம் இரண்டு அறிக்கைகளுக்கு நடுவே, மதியம் 3:20-க்கு வந்து போயிருக்கலாம். ஆறு மணி நேர உச்சத்தைச் சொல்லும், 1 என்ற எண்ணில் தொடங்கும் ஐந்திலக்கத் தொகுதி அப்போதுதான் கைகொடுக்கும். 10294 என்றால் 29.4 செல்சியஸ். கோடையில் நியூயார்க் நேரப்படி இது மதியம் 1:51-க்கும் மாலை 7:51-க்கும் வரும். மாலையில் வெளியாகும் காலநிலை அறிக்கை அன்று அதுவரையான கணக்கு மட்டுமே. பணத்தைத் தீர்க்க எடுப்பது நாள் முடிந்தபின் வரும் அறிக்கையை.

நாள் எங்கே தொடங்குகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. அறிக்கை ஆண்டு முழுவதும் நிலையான நேரத்தைப் பின்பற்றுவதால், கடிகாரத்தை முன்னே நகர்த்தும் மாதங்களில் ஒரு நாள் என்பது நள்ளிரவு 1 மணியிலிருந்து மறுநாள் 1 மணி வரை. குளிர்காலத்தில் குளிர்முகம் (குளிர்காற்றுத் திரளின் முன் எல்லை) விடிவதற்குள் கடந்துவிட்டால், அன்றைய உச்சம் நாள் தொடங்கியவுடனேயே பதிவாகிவிடும். நள்ளிரவில் 48 பாரன்ஹீட், பிற்பகலில் 35 என்றால் அறிக்கை 48 என்றே சொல்லும். ஆப்களில் பார்ப்பது பெரும்பாலும் பகல்நேர உச்சத்தின் கணிப்பு. காலையில் முதல் வேலையாக நள்ளிரவு மெட்டாரைப் பாருங்கள்.

கணிப்புக்கு எச்ஆர்ஆர்ஆர் (HRRR) என்ற கணினி வானிலை மாதிரி நல்ல துணை: 3 கிலோமீட்டர் இடைவெளிக் கட்டங்கள், மணிக்கொரு ஓட்டம், அதாவது புதிய கணக்கீடு. ஒரே ஓட்டத்தை நம்பாமல், அடுத்தடுத்த ஓட்டங்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்ப்பது மேல். உள்ளூர் வானிலை அலுவலகம் எழுதும் விவாதக் குறிப்பையும் தவறாமல் படிக்க வேண்டும். மேகம் எப்போது விலகும், ஏரிக்காற்று மிட்வேயை எப்போது எட்டும் என்பதில் கணிப்பாளருக்கு இருக்கும் சந்தேகம் அதில்தான் வெளிப்படும். வசந்தகால சிகாகோவில் அந்தக் காற்று ஒரு மணி நேரம் முன்பின்னாக வந்தாலே இரண்டு கட்டங்கள் மாறிவிடும். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் அதே வேலையைக் கடலோர மேகம் செய்கிறது. என் பார்வையில், இந்த இரண்டு நகரங்களிலும் முந்தின நாளே வாங்குவது சூதாட்டத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

கட்டணம் சிறிதாகத் தெரியும், சிறிதல்ல. பொதுச் சூத்திரம் 0.07 × எண்ணிக்கை × விலை × (1 − விலை). 50 சென்ட்டுக்கு 100 ஒப்பந்தம் எடுத்தால் 1.75 டாலர், 90 சென்ட்டில் 63 சென்ட். 50 சென்ட்டில் வாங்கி அதே விலையில் விற்று வெளியேறினால் 3.50 டாலர் போய்விடும். எனவே தீர்வு வரை வைத்திருக்க மனமில்லாத ஒப்பந்தத்தை எடுக்காதீர்கள்.

நியூயார்க்கும் பிலடெல்பியாவும் ஒரே காற்றுத்திரளின் கீழ் கிடக்கும் நாளில் இரண்டு பந்தயமும் ஒன்றே, தொகையைப் பாதியாக்குங்கள். வாங்குவது, கொடுக்கும் அதிகபட்ச விலையை நாமே குறிக்கும் லிமிட் ஆர்டரில்தான். ஆனால் அதைப் போட்டுவிட்டு மறந்தால், புதிய அறிக்கை வந்த நொடியிலேயே உங்களைவிட வேகமான நிரல்கள் உங்கள் பழைய விலையைக் கொத்திக்கொண்டு போகும். ஒவ்வொரு மணியிலும் சென்ட்ரல் பார்க் அறிக்கை 51-ஆம் நிமிடத்துக்கு, மிட்வேயும் டென்வரும் 53-க்கு. அதற்கு இரண்டு நிமிடம் முன்பே ஆர்டரை நீக்கிவிட்டு, எண்ணைப் பார்த்தபின் மீண்டும் போடுங்கள்.